முகவர் எண்: இல்லை

தண்டர் பேயில் இன்று மைனஸ் இருபத்தொன்பது.
மணி எட்டேகால். ஏரிக்கு மேல் இன்னும் விடியவில்லை.
கரையில் தானியக் கிடங்குகள்
கைகட்டி வரிசையில் நிற்கின்றன.

என் வேலை எளிது.
வரவேண்டிய காகிதங்கள் வந்தனவா என்று பார்ப்பது.
சேர்ப்பதும் தள்ளுவதும் மூன்றாம் மாடி.
நான் தரைத்தளம்.

இன்றைக்கு நாற்பத்தாறு கோப்புகள்.
பெரும்பாலானவற்றின் தலையில் ஒரு முகவர் எண்.
எண்ணைப் பார்த்தாலே
உள்ளே இருக்கும் கட்டுரை எனக்கு மனப்பாடம்.
'சிறுவயது முதலே' என்று தொடங்கும்.
பழுதான ரேடியோவைப் பிரித்துப்போட்டு
மறுபடி பூட்டிய பிள்ளை ஒன்று வரும்.

அந்த ரேடியோவை எனக்குத் தெரியும்.
ஒன்பது வருடம் முன்பு
திருச்சி தில்லைநகரில், ஏசி போட்ட மாடியறையில்
அறுபதாயிரம் கட்டி நானும் அதையே வாங்கினேன்.
எங்கள் வீட்டில் ரேடியோவே இருந்ததில்லை.
என் பால்யம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது
வாரத்துக்கு நான்கைந்து முறை,
வேறு வேறு பெயரில்.

இது வேறு.
முகவர் எண்: இல்லை.
முதற்பெயர்: திரவியச்செல்வி.
குடும்பப்பெயர்: திரவியச்செல்வி.
கட்டாயம் நிரப்பு என்று சிவப்பில் மிரட்டிய பெட்டிக்குக் கொடுக்க
அவளிடம் இருந்தது அந்த ஒரே பெயர்தான்.
நகல் பதிவா என்று கணினி கேட்கிறது.
இல்லை என்று அழுத்துகிறேன்.
மதிப்பெண் பட்டியலில் முன்னால் நிற்கும் 'எஸ்'
அப்பாவா ஊரா என்று
அதற்கு யார் உட்கார்ந்து சொல்வது?

கட்டணம் மூன்று முறை தோற்று
நான்காவதில் தேறியிருக்கிறது,
கே. பால்சாமி என்பவரின் அட்டையில்.
மேலாளரோ, மாமாவோ.
எல்லாமே அவள் ஊர்க் கணக்கில்
இரவு பதினொன்றுக்கு மேல் ஏற்றியவை.
வெப்ப இயக்கவியலில் ஒரு அரியர்.
மறைக்கவில்லை,
பென்சிலால் வட்டமிட்டு ஸ்கேன் செய்திருக்கிறாள்.

பிறகு கட்டுரை.

'ராஜபாளையத்தில்
காயத்துக்குக் கட்டும் துணியை வெளுக்கும் ஆலையில்
இரண்டு வருடமாகக் கழிவுநீர் சோதிக்கிறேன்.
உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தது
பட்டியலில் கட்டணம் குறைவு என்பதால்.
பிறகுதான் பார்த்தேன்,
பக்கத்தில் ஏரி இருக்கிறது.'

சிரித்துவிட்டேன்.
அடுத்த மேசை மார்லீன் திரும்பிப் பார்த்தாள்.

'போன மார்ச்சில்
குளோரின் அளவை மாற்றி எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
சரியான எண் தனி நோட்டில் இருக்கிறது.
அந்த எண்ணை வைத்துக்கொண்டு
என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை.
அதற்காகத்தான் படிக்க வருகிறேன்.'

அறுபதாயிரம் வாங்குகிறவன் வேண்டாம்,
பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூடச் சொல்லியிருப்பார்,
அந்தப் பத்தியை எடுத்துடும்மா என்று.
யாரிடமும் காட்டவில்லை போல.

திருத்த எனக்கு அனுமதி இல்லை.
ஆனால் ஒரு கடிதம் உண்டு, தயாராக எழுதி வைத்தது:
'பக்கம் தெளிவாக இல்லை, மீண்டும் ஏற்றவும்.'
ஏற்றும்போது இன்னொரு தடவை படிப்பாள்.
ஒரு பத்தி குறையலாம்.
மேலே உட்காரும் நால்வரில்
இருவருக்கு அது பிடிக்கும்,
ஒருவர் முகம் சுளிப்பார்,
ஒருவர் படிக்கவே மாட்டார்.

கடிதத்தைத் திறந்தேன்.
அவள் பெயரை இரண்டு முறை தட்டினேன்,
முதலுக்கு ஒன்று, கடைசிக்கு ஒன்று.
காபி ஆறிவிட்டது.
ஜன்னலில் வெளிச்சம் வந்து
கிடங்குகளுக்கு நிழல் முளைத்தது.

பக்கம் தெளிவாகத்தான் இருந்தது.

கடிதத்தை மூடி
'முழுமை' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
கோப்பு மாடியேறியது.

அடுத்தது.
முகவர் எண் உண்டு.
'சிறுவயது முதலே...'
இந்த முறை ரேடியோ இல்லை,
மிக்ஸி.